கண்ணீர் மல்க ஒரு பிரிவுபசாரம்

பெரிய நர்ஸம்மா பூங்கொத்தைக் கையில் வாங்குவதற்குள் பதினெட்டு நர்ஸுகளும் கதறிவிட்டார்கள். மீட்டிங் ஹாலே அழுது வடிந்தது. ஐ.சி.யூ. சிஸ்டர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே விம்மினாள்.

விம்மாமல் என்ன செய்வாள், அந்த நீலிக்கண்ணீருக்கு ஏற்பாடே அவளுடையதுதானே. "பல்லைக் காட்டித் தொலைக்காதீங்கடி. கடைசி நாள்ல சிரிச்ச மூஞ்சியைப் பார்த்தா, அதுக்கும் ஒரு மெமோ குடுத்துட்டுதான் அது போகும். ஒரு மணி நேரம்தான், நல்லா அழுதுடுங்க" என்று காலை ஷிஃப்டிலேயே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

பெரிய நர்ஸம்மாவின் நிர்வாக லட்சணம் அப்படி. யாராவது பாத்ரூம் போனால் கடிகாரத்தைப் பார்ப்பாள். உட்கார்ந்து பழகிவிடுவார்கள் என்று வார்டு நாற்காலிகளைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினாள். 'வேலையில் திருப்தியாக இருக்கிறீர்களா?' என்று மேலிடம் அனுப்பிய படிவங்களை எல்லார் பெயரிலும் தானே நிரப்பி, தனக்குத் தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்ட மகராசி. மூன்று வருஷத்தில் பதினோரு பேர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார்கள். அவர்களுக்கெல்லாம் அர்ப்பணிப்பு போதாதாம்.

ஐ.சி.யூ. சிஸ்டரின் கைப்பையிலும் ஒரு ராஜினாமாக் கடிதம் கிடந்தது. கையெழுத்து போட்டாயிற்று, தேதி மட்டும் போடவில்லை. வெறும் மூச்சும் குழாயுமாக வந்தவர்கள் எழுந்து நடந்து போவதை ஒன்பது வருஷமாகப் பார்த்தவளுக்கு அந்த வேலையை விட்டுப் போக மனசே வரவில்லை. இந்த அம்மா ரிட்டயர் ஆகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இன்று வீட்டுக்குப் போனதும் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார். வார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அந்தப் பெரிய மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் சர்வீஸில் இப்படி ஒரு பாசத்தைக் கண்டதே இல்லை என்றார். அம்மா ஆறு மாதமாகப் பதவி நீட்டிப்பு கேட்டு எழுதியதாகவும், தான்தான் நர்ஸுகள் என்ன நினைப்பார்களோ என்று தயங்கியதாகவும் உருகினார்.

"இத்தனை பேர் அழும்போது இவங்களை அனுப்ப எனக்கு எப்படிங்க மனசு வரும்? அம்மா இன்னும் மூணு வருஷம் உங்களோடதான் இருப்பாங்க."

ஹாலில் அழுகை சட்டென்று நின்றது. பெரிய நர்ஸம்மா முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐ.சி.யூ. சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். பக்கத்திலிருந்த சீனியரிடம் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"இன்னிக்கு என்ன தேதிக்கா?"