முட்டைப் பண்ணைக்குப் போன குஞ்சுகள்

"குஞ்சு பிரிச்சவன் எவன்டா? வெளிய வா!"

பொரிப்பகமே அதிரக் கத்தினார் முட்டைப் பண்ணைக்காரர். முகக்கவசத்தோடு குஞ்சுகளை ஆண், பெண் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த குஞ்சின் இறகை விரித்துப் பார்த்து, பெட்டைக் கூடையில் மெல்ல விட்டார்.

"பெட்டைன்னு அனுப்பினதெல்லாம் கொண்டை முளைச்சுக் கூவுதுய்யா! முட்டையை யாரு போடுவா, நீயா?"

"இத்தனை வருஷத்துல ஒரு குஞ்சைக்கூட நான் தப்பாப் பிரிச்சதில்ல. இப்பவும் பிரிக்கல."

"அப்புறம் எப்படிய்யா அத்தனையும் சேவலாச்சு?"

பெரியவர் முகக்கவசத்தைக் கழற்றினார். பண்ணைக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ரெண்டாவதும் பொண்ணான்னு, பச்சை உடம்புக்காரி என் மகளைக் கைக்குழந்தையோட என் வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போனீங்களே சம்பந்தி! உங்க வீட்டுக்கு ஆண்தான் வேணும்னீங்க. ஆர்டர்ல உங்க பண்ணைப் பேரைப் பார்த்ததும், ஒரு பெட்டைகூடக் கலந்துடாம பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினேன்."