ஜீப்பைப் புரட்டியவர்கள்

கம்பம் கடைவீதியில் சாயங்காலமானால் பையன்கள் கூட்டம் கூடிக் கூச்சல் போடுவதும் அடித்துக்கொள்வதும் தாங்க முடியவில்லை. இனி நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று நகராட்சியில் முடிவெடுத்தார்கள். விரட்டும் பொறுப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஒச்சாண்டிக்கு.

அன்று ஜவுளிக்கடை முஜிபுர் ரஹ்மான் மாடியிலிருந்து செல்போனில் அலறினார்.

"சார், பயலுக கும்பலாச் சேர்ந்து ஏலக்காத் தோட்டத்து ஜீப்பப் புரட்டுறானுக! பொம்பளையாளுக கத்துறாக. சீக்கிரம் வாங்க!"

ஒச்சாண்டி லத்தியோடு ஓடினார். "ஏலே, கலைஞ்சு போங்கடா!" என்று கிட்டே நின்றவன் முதுகில் ஒன்று போட்டார். ஒருவனும் அசையவில்லை.

"அடிச்சுக்கங்க சார்," என்றான் அடி வாங்கியவன், பல்லைக் கடித்தபடி. "இப்பக் கைய எடுத்தா வண்டி அவுக மேலயே விழுந்துரும்."

ஒச்சாண்டி அப்போதுதான் குனிந்து பார்த்தார். திருப்பத்தில் ஏற்கெனவே கவிழ்ந்துவிட்ட ஜீப்பைத்தான் அவர்கள் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அடியில் சிக்கிய கூலிப் பெண்கள் ஒவ்வொருவராக உயிரோடு ஊர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தூக்கியவர்கள் எல்லாம் நேற்று அவர் விரட்டிய அதே முகங்கள்.

லத்தியைப் போட்டுவிட்டு ஜீப்புக்குத் தோள் கொடுத்தார். பிறகு கடைவீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"எங்கடா மத்தவனுக? எல்லாப் பயலையும் இங்கன வரச் சொல்லுங்கடா!"