கத்தி படாத முதுகு

மனைவி வடிவுக்குப் புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்னதும் அவன் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டான்.

டி.பி.யாம். நெஞ்சில் வருகிற அதே டி.பி. முதுகெலும்பில் வந்து, சீழ் கட்டி, தண்டுவடத்தை நெருக்கியிருக்கிறது. ஸ்கேனில் பார்த்தால் புற்றுக்கட்டி மாதிரியே தெரியுமாம். இங்கே ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்ததில்தான் தெரிந்ததாம்.

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"அப்ப வடிவு நடந்துருவால்லா, சார்?"

கால் எப்போது விழுந்தது என்று டாக்டர் கேட்டார்.

மூன்று மாதம்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மாத்திரையை ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டால் உயிருக்குப் பயமில்லை. கால்தான் கஷ்டம். நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்துவிட்டது. நடக்கும்போதே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

நடக்கும்போதே கொண்டுபோனான்தான். அது வேறு ஆஸ்பத்திரி. அன்று அவள் சுவரைப் பிடித்தாவது நடந்தாள். கட்டி மாதிரி இருக்கிறது, கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கணும், ஆபரேஷனும் தேவைப்படலாம் என்றார்கள்.

கட்டியில் கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஊரே சொன்னது. அவனும் நம்பினான். இருக்கிற நாளாவது அவள் முழு உடம்போடு இருக்கட்டும் என்று நினைத்தான்.

என் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பஸ் கண்டக்டர். எழுத்து மணி மணியாக இருக்கும்.

போன வாரம் அவள் வலியில் கதறியது பொறுக்காமல்தான் இங்கே தூக்கிவந்தான்.

பாசத்தில் செய்ததுதான். பாவி, பாசத்தில் அவளை முடமாக்கிவிட்டான்.

வார்டில் அவள் விழித்துக் கிடந்தாள். புற்று இல்லை என்பதை மட்டும் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் இப்படி மலர்ந்து அவன் பார்த்ததில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சொல்லிவிட வேண்டும்.

அவள் கால்மேல் கையை வைத்தான்.

அது அவளுக்குத் தெரியவில்லை.

அவனுடைய இன்னொரு கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லவேளை, அன்னைக்கு நீங்க தடுத்தீய. விட்டிருந்தீயன்னா ஒண்ணுமில்லாததுக்குப் போயி என் முதுகைக் கீறியிருப்பாவ."

"ஆமா" என்றான்.