காயும் பலகைகள்

கிட்டார் ஆலையின் மரக்கிடங்கில், புதிதாக வந்த பலகை பக்கத்துப் பலகையைச் சீண்டியது. "பெருசு, உன்னை மறந்தே போயிட்டாங்க. அடுப்புக்குத்தான் போகப்போறே."

"எனக்கும் அந்தப் பயம் உண்டு," என்றது பழைய பலகை. "என்னை வாங்கிப் போட்டவர் கூரைக் கொட்டகையில ஒத்தையா கிட்டார் செஞ்சார். மகன் காலத்துல அது ஆலையாச்சு. ரெண்டு பேரும் என்னைத் தட்டிக் கேட்டுட்டு, 'இன்னும் காயணும்'னு போயிட்டாங்க."

அன்று, பலகையை வாங்கிப் போட்டவரின் பேத்தி ஜெசிந்தா வந்தாள். பழைய பலகையைத் தட்டிக் காது வைத்தாள்.

"தாத்தா, பதமாயிடுச்சு," என்று முணுமுணுத்து, அதைத் தூக்கிப் போனாள்.

சில வாரங்கள் கழித்து ஆலைக்குள்ளிருந்து ஒரு நாதம் எழுந்தது. கிடங்கில் இருந்த பலகைகளெல்லாம் அதிர்ந்தன.

மறுநாள் ஜெசிந்தா புதுப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு தன் நிறைமாத வயிற்றைத் தடவிச் சொன்னாள்: "இது நீ அறுக்க வேண்டியது, கண்ணு."