பன்னிரண்டு கிளிக்

“எத்தனை நாளா நடக்குது இது?”

மெக்கானிக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பல் டாக்டருக்கு இன்னும் பயமாக இருந்தது.

“எதுண்ணே?”

“எனக்குத் தெரியாம வேற ஒருத்தர் கை பட்டிருக்கு. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு டாக்டர். மறைக்காதீங்க.”

கல்லாவில் உட்கார்ந்து நட்டு போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மனைவி தலை நிமிரவே இல்லை. டாக்டர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, சட்டென்று தரையைப் பார்த்தார்.

மெக்கானிக் எழுந்து டாக்டருடைய பைக்கின் ஹேண்டில்பாரைத் தட்டினார். “இதைச் சொல்றேன். முன்னாடி ஃபோர்க்கை எவன் தொட்டான்?”

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களின் தலையிலும் ஒவ்வொரு திருகு உண்டு. திருப்பத் திருப்ப கிளிக், கிளிக் என்று சின்னதாகச் சத்தம் வரும். தளர்த்தினால் மேடு பள்ளம் தெரியாமல் வண்டி மெத்தென்று போகும். அளவுக்கு மிஞ்சினால், பிரேக் பிடித்ததும் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும்.

டாக்டரின் முதுகுவலி, பின்னால் உட்காரும் அவர் மனைவியின் எடை எல்லாவற்றையும் யோசித்து, மூன்று மாதத்துக்கு முன்னால் பன்னிரண்டு கிளிக் தளர்த்தி வைத்துக் கொடுத்தவர் மெக்கானிக். வைத்து முடித்ததும் திருகையும் குழாயையும் சேர்த்துச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். இன்றைக்கு ஆயில் மாற்ற வந்த வண்டியில் அந்தக் கோடு உடைந்து, திருகின் பாதி ஒரு பக்கமும் குழாயின் பாதி இன்னொரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

“எதிர்க்கடைக்காரன்தானே? அவன்கிட்ட போய் நின்னீங்களா?”

“சத்தியமா இல்லண்ணே.”

“அப்ப யாரு?”

ஊரார் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லுகிறவர், தன் வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்றார்.

மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் காற்றடிக்கும் மெஷினின் வால்வு கசிந்து உஸ்ஸென்று இரைய ஆரம்பித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கோபம் அப்படி. மனைவிதான் எழுந்து போய் அதை மூடிவிட்டு வந்தாள்.

“எட்டு வருஷம் டாக்டர்! உங்க கல்யாணத்தன்னிக்குக்கூட உங்க வண்டிக்குச் செயின் மாத்திக்கிட்டு இருந்தேன். கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தும்னு காதால எண்ணி எண்ணி வைக்கிறவன் நான். என் வேலை பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே?”

இதற்குள் பெஞ்சில் காத்திருந்த ஜிம் மாஸ்டர் மெல்ல எழுந்து தன் பைக் பக்கம் நழுவினார். அந்த அவசரம்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது. மெக்கானிக் இரண்டே எட்டில் போய்க் குனிந்து பார்த்தார். அங்கேயும் கோடு உடைந்திருந்தது.

“ஓஹோ. நீங்களும் கூட்டா மாஸ்டர்?”

மாஸ்டர் தன்னுடைய புஜங்களை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார்.

மெக்கானிக்குக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனை பேர் சேர்ந்து, சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே முதுகில் குத்தியிருக்கிறார்கள். இந்தக் கைவேலை ஒன்றைத்தான் அவர் இத்தனை வருஷமும் தன் சொத்து என்று நினைத்திருந்தார்.

“ரெண்டு பேரும் வண்டியை எடுங்க. இனிமே இந்தக் கடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க!”

டாக்டர் சாவியை எடுத்தார். கல்லாவிலிருந்து குரல் வந்தது.

“அவங்களை விடுங்க. நான்தான் திருப்பினேன்.”

மெக்கானிக் அவளையே பார்த்தார். இருபது வருஷமாக அவர் கேட்கும் முன்பே ஸ்பேனரை நீட்டுகிறவள்.

“நீயா?”

“நீங்க மத்தியானம் சாப்பிடப் போற நேரத்துல வரச்சொல்லி, நான்தான் சரி பண்ணிக் கொடுத்தேன். இவங்களுக்கு மட்டும் இல்ல. மொத்தம் பதினோரு வண்டி.”

“சரி பண்ணினியா? என் வேலையையா?” அவர் குரல் உடைந்தது. “வேலியே பயிரை மேயுற கதையா இருக்கே! ஊரெல்லாம் சிரிக்க, எனக்கு மட்டும் தெரியாம… என்ன குறையைக் கண்ட நீ?”

“பிரேக் பிடிச்சா குப்புற இறங்குதுன்னு டாக்டர் பதறிக்கிட்டு வந்தாரு. பின்னாடி அவங்க சம்சாரம் வேற. நான் எண்ணிப் பாத்தேன். ஒரு பக்கம் இருபது, இன்னொரு பக்கம் இருபத்தி மூணு இருந்துச்சுங்க.”

“பொய்! பன்னிரண்டு வச்சேன். ரெண்டு பக்கமும் எண்ணி வச்சேன்.”

அவள் நட்டு போல்ட்டுகளைத் தள்ளி வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

“வா இங்க,” என்று ஸ்க்ரூடிரைவரை அவள் கையில் திணித்தார் அவர். “இந்த ரெண்டு பேர் முன்னாடியே முடிச்சிடுவோம். முழுசா இறுக்கிட்டு, பன்னிரண்டு திருப்பு. நான் கண்ணை மூடிக்கிட்டு எண்ணிக் காட்டுறேன். அப்புறம் தெரியும், யாருக்கு எண்ணத் தெரியலைன்னு.”

அவள் தயங்கினாள். டாக்டர், “வேண்டாம்ணே,” என்றார். யார் கேட்டார்கள்?

மெக்கானிக் கண்ணை மூடி, டாக்டர் வண்டியின் குழாய்ப் பக்கம் தலையைச் சாய்த்தார். கடையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவள் திருகை முழுசாக இறுக்கி, பிறகு நிதானமாகத் தளர்த்த ஆரம்பித்தாள். அவர் உதடுகள் எண்ணின. டாக்டரும் மனதுக்குள் எண்ணினார். மாஸ்டர் விரல்விட்டே எண்ணினார்.

பன்னிரண்டு ஆனதும் அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

மெக்கானிக் கண்ணைத் திறக்கவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

“அஞ்சுதானே ஆச்சு, ஏன் நிறுத்திட்ட?”