அறுபது வருஷத்துத் துரு

படுத்திருந்த அம்மாவின் காதருகே குனிந்து மகள் கிசுகிசுத்தாள்.

"அம்மா, அப்பா என்னைக் கொன்னுடுவாரும்மா."

"என்னடி பண்ணித் தொலைச்சே?"

"காலையில விக்கப்போற பழைய சைக்கிள் சக்கரம் ரெண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன். துரு மொத்தமும் போய், கண்ணாடி மாதிரி பளபளங்குது."

"ஐயையோ! அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் உயிரோட இருப்பேனா? வாங்குறவர் அந்தத் துருவைப் பார்த்துத்தானே, 'அறுபது வருஷத்து அசல் சக்கரம், கை வைக்காம அப்படியே குடுங்க'ன்னு கெஞ்சிட்டுப் போனாரு. இப்ப அத்தனை துருவுக்கு நான் எங்கம்மா போவேன்?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து, கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"ஒப்பாரி வைக்காதே. சமையலறையில உப்பும் வினிகரும் இருக்கு, எடுத்துட்டு வா. அப்படியே உங்கப்பாவையும் எழுப்பு."

"எதுக்கும்மா?"

"போன வாரம் கடையிலேர்ந்து புதுசா வாங்கிட்டு வந்தப்பவும் நாங்க ரெண்டு பேரும் அதைத்தான்டி தடவினோம். சீக்கிரம் வா, விடியறதுக்குள்ள அதுக்கு மறுபடியும் வயசாகணும்."