இடது முன் சக்கரம்

"கையா அது, கட்டையா? ஸ்டீயரிங்க நேராப் புடி!"

மாம்பலம் துரைசாமி சுரங்கப்பாதையை விட்டுக் கார் ஏறும்போது வந்தது ஒரு சின்னப் பள்ளம்தான். அதற்கே ஸ்டீயரிங் சிந்துவின் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. வண்டி இடது பக்கம் பாய்ந்தது. ஓரமாகப் போன ஷேர் ஆட்டோ தப்பியது யார் செய்த புண்ணியமோ. ஆட்டோக்காரர் திட்டிய திட்டில் அவளுக்குக் காது கூசியது.

"தினமும் இதே கூத்து," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் செந்தில்குமார். "யாரையாவது இடிச்சுக் கொன்னுட்டு வந்து நிக்கப்போற."

கட்டினவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது மாதிரி இம்சை உலகத்தில் வேறு கிடையாது. லைசென்ஸ் கொடுத்த அதிகாரியே ஒரு சுற்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இவனுக்கு இரண்டு வாரம் வேண்டியிருந்தது.

அடையாறில் ஒரு பிசியோதெரபி சென்டரில் சிந்துவுக்கு வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். "ரெண்டு வாரம் ஒழுங்கா ஓட்டிக் காட்டு, தாராளமாப் போ. இல்லன்னா வேலையே வேணாம்," என்று செந்தில்குமார் கண்டிஷன் போட்டிருந்தான். இன்றோடு கெடு முடிகிறது. வருகிறேனா இல்லையா என்று நாளைக்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஒன்றரை வருடமாகத் தானே ஓட்டிக்கொண்டிருந்த காரை, அவள் லைசென்ஸ் வாங்கியதுமே சாவியோடு கொடுத்துவிட்டு ஸ்கூட்டருக்கு மாறிவிட்டான். அந்தக் காரை நேராக ஓட்டத் துப்பில்லாத தன் கைகளைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இதே கைகள்தான் சபாஷ் வாங்கின.

அடுத்த திருப்பத்தில் சக்கரத்திலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. சிந்து யாரையும் கேட்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஹபீபுர் ரஹ்மான் பாயின் மெக்கானிக் ஷெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"இங்க எதுக்கு?" என்று சிடுசிடுத்தான் செந்தில்குமார். "வண்டில ஒண்ணும் இல்ல. கோளாறெல்லாம் ஓட்டறவகிட்டதான்."

"ஒரு தடவை பார்த்துடட்டும்ங்க. ஒண்ணும் இல்லன்னா நானே சாவியக் குடுத்துடறேன்."

பாய் காரைச் சுற்றி வந்து இடது முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். அந்த டயர் மட்டும் மட்கார்டை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வீட்டுச் சந்தில் கார் அந்தப் பக்கமாகச் சுவரை ஒட்டியே நிற்கும். சிந்து அதைக் கவனித்ததே இல்லை.

சக்கரத்தைக் கழற்றியவர், உள்ளேயிருந்து ஒரு வட்ட அலுமினியத் தகட்டை உருவித் தரையில் வீசினார்.

"த்தூ! ஸ்பேசர்! சக்கரத்துக்கும் அத்த மாட்டற ஹப்புக்கும் நடுவுல இதச் சொருவி வச்சிகீறான். சக்கரம் வெளிய தள்ளி நின்னா, பள்ளத்துல வுழுற ஒவ்வொரு அடியும் ஸ்டீயரிங்கப் புடுங்கும் தங்கச்சி. பிரேக்க மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இஸ்துகினு போவும். நட்டப் பாரு, நாலு சுத்துகூட ஏறல. சக்கரம் கழண்டு ஓடியிருந்தா இன்னாத்துக்கு ஆவறது?"

சிந்து அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "ஸ்டைலுக்காகப் போடறதா பாய்?"

"ஸ்டைலுக்குப் போடறவன் நாலு சக்கரத்துக்கும் போடுவான். இது இந்த ஒண்ணுல மட்டும்தான் கீது. இன்னா ஜென்மமோ, கருமம்!"

செந்தில்குமார் பொங்கிவிட்டான். "நமக்கு இந்த வண்டிய வித்தானே, அந்தப் பொறுக்கி வேலைதான் இது! மனுஷனா அவன்? என் பொண்டாட்டி உசுரு போயிருந்தா எவன் பதில் சொல்றது? செருப்ப சாணியில முக்கி அடிக்கணும் அவன!"

சிந்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான இந்த நாலு வருடத்தில் அவளுக்காக அவன் இப்படிக் கொதித்ததே கிடையாது. இந்த மனுஷனைப் போய் மனசுக்குள் என்ன திட்டு திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

பாய் தகடு இல்லாமல் சக்கரத்தைப் பொருத்தி நட்டுகளை இறுக்கினார். "இப்ப ஒரு ரவுண்டு போய்ட்டு வா தங்கச்சி. சும்மா ஜம்முனு போவும்."

"நீ போய்ட்டு வா சிந்து. அந்த நாய நான் போன்லயே உண்டு இல்லன்னு பண்ணிடறேன்." போனைக் காதில் வைத்தபடி செந்தில்குமார் ஷெட் சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினான்.

நாளைக்கு முதல் வேலையாக அடையாறுக்குப் போன் போட்டு 'வருகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். சிந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். முன்னால் இருந்த சின்னத் திரை ஒளிர்ந்தது. ஒன்றரை வருடப் பழக்கத்தில் செந்தில்குமாரின் போன் தானாகவே காரோடு இணைந்துகொண்டது. அவன் காதில் விழ வேண்டிய குரல் கார் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது.

"இன்னா சார், நான் மாட்டின ஸ்பேசர்ல மேடம் பயந்துகினு ஓட்டறத வுட்டாங்களா?"